டாய்லெட் சாவி

ஒரு நிமிடம் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

வருடம் 1950. இடம், அமெரிக்காவின் தெற்கே இருக்கும் மிசிசிப்பி மாநிலம். நீங்கள் ஒரு கறுப்பர். கொஞ்சம் வசதியானவர்தான். சொந்தமாகக் கார் வைத்திருக்கிறீர்கள். மனைவி, இரண்டு குழந்தைகளோடு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறீர்கள். பெட்ரோல் முள் கீழே இறங்கிவிட்டது. நல்லவேளை, தூரத்தில் ஒரு பங்க் தெரிகிறது. வண்டியை உள்ளே விடுகிறீர்கள்.

பெட்ரோல் போடுகிறார்கள். டேங்க் ரொம்பிவிட்டது. காசை எண்ணிக் கொடுக்கிறீர்கள். வாங்கிக் கல்லாவில் போட்டுக்கொள்கிறார்கள்.

பின் சீட்டில் சின்னவள் நெளிகிறாள். "அப்பா, அவசரம்."

பங்க்காரரிடம் போய் டாய்லெட் சாவி கேட்கிறீர்கள். சாவி அங்கேயே, அவர் முதுகுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. அவர் உங்களை ஏற இறங்கப் பார்க்கிறார். "உங்க ஆளுங்களுக்கு இங்கே கிடையாது."

அவ்வளவுதான். நீங்கள் எதுவும் பேச முடியாது. பேசினால் என்ன நடக்கும் என்று உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஒரு மைல் தள்ளி, சாலை ஓரத்தில் மரங்கள் அடர்ந்த இடமாகப் பார்த்து வண்டியை நிறுத்துகிறீர்கள். மனைவி குழந்தையைக் கூட்டிக்கொண்டு இறங்குகிறாள். நீங்கள் இரண்டு பக்கமும் பார்த்தபடி காவலுக்கு நிற்கிறீர்கள்.

காட்சிதான் கற்பனை. விஷயம் கற்பனை இல்லை. அன்றைக்கு அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கார் ஓட்டிய கறுப்பினக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு கதை இருந்தது. உங்கள் டாலர் வேண்டும். உங்கள் குழந்தை வேண்டாம்.

அமெரிக்க பெட்ரோல் பங்க்கின் சரித்திரத்தை யாராவது சொல்ல வந்தால் வழக்கமாக நியான் விளக்கு, நீள நீளமான கார்கள், ஹாம்பர்கர் கடை என்று ஆரம்பிப்பார்கள். அதெல்லாமும் உண்டு. ஆனால் எனக்கென்னவோ அந்த ஆணியில் தொங்கிய சாவியிலிருந்துதான் அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. ஏனென்றால் ஒரு காலத்தில் பங்க்குகள் பெட்ரோலை விற்றதைவிட, டாய்லெட்டைக் காட்டித்தான் அதிகம் விற்றன. நம்புவீர்களா?

கொஞ்சம் பின்னால் போகலாம்.

உலகத்தின் முதல் பெட்ரோல் பங்க் எது தெரியுமோ? ஒரு மருந்துக் கடை! 1888-ல் ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் ஒரு மோட்டார் வண்டியைச் செய்து வைத்துக்கொண்டு, அதை விற்கத் தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி பெர்த்தா பென்ஸ் கில்லாடி. ஒருநாள் புருஷனிடம் சொல்லாமல், இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு வண்டியைக் கிளப்பிவிட்டார். மான்ஹைமிலிருந்து ஃபோர்ஸ்ஹைமில் இருந்த அம்மா வீட்டுக்கு. நூறு கிலோமீட்டருக்கு மேல். வழியில் எரிபொருள் தீர்ந்து போனது. வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக் கடையில் நிறுத்தி, லிக்ராயின் என்ற திரவத்தை வாங்கி ஊற்றிக்கொண்டு போனார். துணியில் கறை எடுப்பதற்காக விற்றுக்கொண்டிருந்த சரக்கு அது. அந்தக் கடை இன்றைக்கும் தன்னை உலகின் முதல் பங்க் என்று சொல்லிக்கொள்கிறது.

அமெரிக்காவிலும் ஆரம்பத்தில் இதே கதைதான். அங்கே எண்ணெய்க் கம்பெனிகள் கச்சா எண்ணெயைக் காய்ச்சியது விளக்கெரிக்கும் மண்ணெண்ணெய்க்காக. கூடவே வந்த பெட்ரோல் வேண்டாத விருந்தாளி. சட்டென்று தீப்பிடிக்கும். யாரும் சீந்தவில்லை. பெரும்பகுதியைக் கொட்டித் தொலைத்தார்கள்.

பிறகு பெட்ரோல் பம்ப்பாக மாறிய கருவியும் மண்ணெண்ணெய்க்காக வந்ததுதான். இண்டியானா மாநிலத்து ஃபோர்ட் வேன் நகரில் ஒரு மளிகைக் கடை. மண்ணெண்ணெய் பீப்பாய் ஒழுகி, பக்கத்திலிருந்த வெண்ணெயெல்லாம் வாடை அடிக்கிறது என்று கடைக்காரர் புலம்பிக்கொண்டிருந்தார். 1885-ல் சில்வேனஸ் பவுசர் என்பவர் அவருக்காகவே, பீப்பாயிலிருந்து அளந்து எடுக்கும்படி ஒரு பம்ப் செய்து கொடுத்தார். இருபது வருடம் கழித்து, 1905-ல், அதே பவுசர் கம்பெனி காருக்கு பெட்ரோல் போடும் பம்ப்பை விற்க ஆரம்பித்தது. ஆஸ்திரேலியாவில் பெட்ரோல் பம்ப்புக்கு பவுசர் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

1908-ல் ஹென்றி ஃபோர்டு தன் மாடல் டி காரை இறக்கினார். அதன் பிறகு எல்லாமே தலைகீழ். விலை 850 டாலரில் ஆரம்பித்து, 1925 வாக்கில் 260 டாலருக்கு வந்துவிட்டது. ஜமீன்தார் வாகனமாக இருந்தது குமாஸ்தா வாகனமாகிவிட்டது. 1920-ல் அமெரிக்கச் சாலைகளில் 80 லட்சம் கார்கள். 1929-ல் 2.3 கோடி. இத்தனை வண்டிக்கும் மளிகைக் கடையில் டின்னை வைத்து, புனலைச் சொருகி, வடிகட்டி ஊற்றிக்கொண்டிருக்க முடியுமா?

1913, டிசம்பர் 1. பிட்ஸ்பர்க் நகரில், பாம் புலவார்டும் செயிண்ட் கிளேர் தெருவும் சந்திக்கும் முனையில், கல்ஃப் கம்பெனி ஒரு நிலையத்தைத் திறந்தது. பகோடா பாணியில் கூரை. (புத்த கோயில் பகோடா. தின்கிற சமாசாரம் இல்லை.) வண்டியை நேரே கூரைக்குக் கீழே ஓட்டிக்கொண்டு வரலாம். ராத்திரி முழுக்கத் திறந்திருக்கும். முதல் நாள் விற்பனை 30 கேலன். கேலன் 27 சென்ட். கணக்குப் போட்டால் எட்டு டாலர் பத்து சென்ட். முதல் போட்டவன் வயிற்றில் புளியைக் கரைக்கும் வசூல்தான். ஆனால் அதைப் பார்த்துத்தான் நாடெங்கும் கிளம்பியது. 1929-ல் அமெரிக்காவில் பங்க்குகளின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தது.

அந்த முதல் பங்க்கில் இன்னொரு விசேஷம் உண்டு. காற்று இலவசம். தண்ணீர் இலவசம். அப்புறம் ரோடு மேப்பும் இலவசம்.

எதற்கு இத்தனை இலவசம்? நான் படித்தது பி.காம். எதைப் பார்த்தாலும் இதில் யாருக்கு என்ன ஆதாயம் என்றுதான் முதலில் புத்தி போகும். விஷயம் ரொம்ப எளிது. பெட்ரோல் என்பது வாங்குகிறவன் கண்ணால்கூடப் பார்க்காத சரக்கு. குழாயிலிருந்து டேங்க்குக்குப் போய்விடுகிறது. இந்தக் கம்பெனி பெட்ரோலுக்கும் அந்தக் கம்பெனி பெட்ரோலுக்கும் ருசி பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது. விலையும் ஏறக்குறைய ஒன்றே. அப்புறம் எதைச் சொல்லி வாடிக்கையாளரைத் தன் பக்கம் இழுப்பது?

சேவை. இஸ்திரி போட்ட யூனிஃபார்ம், தொப்பி, வில் போன்ற டை கட்டிய பையன்கள் ஓடி வந்தார்கள். ஒருவன் பெட்ரோல் போடுவான். இன்னொருவன் கண்ணாடி துடைப்பான். மூன்றாமவன் பானெட்டைத் திறந்து எண்ணெய் பார்ப்பான். எல்லாம் சிரித்த முகத்தோடு.

இதை எல்லோரும் செய்ய ஆரம்பித்த பிறகு, அடுத்து என்ன?

டாய்லெட்!

நீண்ட தூரம் குடும்பத்தோடு காரில் போகிறவர்களுக்கு எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்வது வண்டி ஓட்டுகிற அப்பா இல்லை, அம்மா என்பதைக் கம்பெனிகள் கண்டுபிடித்துவிட்டன. அம்மா பார்ப்பது டாய்லெட்டை. எனவே 1930-களின் கடைசியில் ஒரு யுத்தமே நடந்தது. டெக்சாகோ கம்பெனி, 'பதிவு செய்யப்பட்ட கழிவறை' என்று தன் பங்க்குகளில் பச்சை வெள்ளை போர்டு மாட்டியது. சுத்தமாக இருக்கிறதா என்று ஊர் ஊராகப் போய்ப் பார்க்க, வெள்ளைக் கார்களில் ஒரு படையையே அனுப்பியது. ஃபிலிப்ஸ் கம்பெனி ஒரு படி மேலே போனது. படித்துப் பட்டம் வாங்கிய நர்ஸ்களை வேலைக்கு எடுத்து, கச்சிதமாக யூனிஃபார்ம் போட்டு, நெடுஞ்சாலை உபசரிப்பாளர்கள் என்று பெயரும் வைத்து, டாய்லெட் சோதனைக்கு அனுப்பி வைத்தது. பத்திரிகைகளில் பளபள விளம்பரம். உள்ளே ஒரு தாய், ஒரு குழந்தை, மின்னும் வாஷ்பேசின்.

அந்தத் தாயும் குழந்தையும் வெள்ளை நிறத்தில்தான் இருந்தார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பங்க்குகள் பெருகப் பெருக, சாலையோரத்தில் ஒரு புது உலகமே முளைத்தது. 1921-ல் டல்லஸ் நகருக்கு வெளியே பிக் ஸ்டாண்ட் என்ற கடை. காரை விட்டு இறங்க வேண்டாம். பையன் ஓடிவந்து, உட்கார்ந்த இடத்தில் சாண்ட்விச் கொடுப்பான். 1925-ல் கலிபோர்னியாவில் சான் லூயிஸ் ஒபிஸ்போ என்ற ஊரில், காரோடு வந்து தங்குவதற்கென்றே ஒரு ஹோட்டல். மோட்டாரையும் ஹோட்டலையும் சேர்த்து அதற்கு 'மோ-டெல்' என்று பெயர் வைத்தார்கள். மோட்டல் என்ற வார்த்தை பிறந்தது அங்கேதான். ராத்திரி வாடகை ஒன்றேகால் டாலர். 1933-ல் நியூஜெர்சியில் ரிச்சர்ட் ஹாலிங்ஸ்ஹெட் என்பவர், காரில் உட்கார்ந்தபடியே சினிமா பார்க்கும் தியேட்டரைத் திறந்தார்.

இந்த உலகத்தின் பிள்ளைதான் நமக்கெல்லாம் தெரிந்த அந்த வெள்ளைத் தாடித் தாத்தா. ஹார்லாண்ட் சாண்டர்ஸ், 1930-ல் கெண்டக்கி மாநிலம் கார்பினில் பெட்ரோல் பங்க் நடத்த வந்தவர். பெட்ரோல் போட வந்தவர்கள், பக்கத்தில் சாப்பிட ஏதாவது கிடைக்குமா என்று கேட்டார்கள். தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலேயே உட்கார வைத்துப் பரிமாறினார். பிற்பாடு பெட்ரோல் போய்விட்டது. கோழி நின்றுவிட்டது.

சிகாகோவிலிருந்து கலிபோர்னியாவின் கடற்கரை வரை ஓடிய ரூட் 66 என்ற சாலை, 1926-ல் எண் கொடுக்கப்பட்டு, இந்தக் கலாசாரத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது. அதைப் பற்றி ஒரு பாட்டு உண்டு. பெரிய ஹிட். 1946-ல் அதை முதலில் பாடிப் பதிவு செய்தவர் நேட் கிங் கோல். அந்தச் சாலையில் ஜாலியாக வண்டியோட்டிப் போகச் சொல்லி ஊரையே கூப்பிட்ட அவர், ஒரு கறுப்பர். அந்தச் சாலையோரத்து மோட்டல்கள் பலவற்றில் அவர் போய் நின்றால் ரூம் கிடைத்திருக்காது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கறுப்பின மக்களுக்குக் கார் என்பது வெறும் சவுகரியம் இல்லை. அது மானப் பிரச்னை. தென் மாநிலங்களில் ரயிலில் அவர்களுக்குத் தனிப் பெட்டி. பஸ்ஸில் பின் சீட்டு. வெள்ளைக்காரர் நின்றால் எழுந்துவிட வேண்டும். சொந்தக் கார் இருந்தால் இந்த அவமானம் எதுவும் இல்லை. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டியாவது ஒரு காரை வாங்கிவிடத் துடித்தார்கள்.

ஆனால் கார் எங்காவது நின்றுதானே ஆகவேண்டும்? பெட்ரோல் தீரும். பசிக்கும். தூக்கம் வரும். இன்னொன்றும் வரும். நின்ற இடத்திலெல்லாம் ரயில் பெட்டியில் பட்ட அதே அவமானம் காத்துக்கொண்டிருந்தது. சில பங்க்குகளில் பெட்ரோலே கிடையாது என்பார்கள். சிலவற்றில் ஆண்கள், பெண்கள், கறுப்பர் என்று மூன்று கதவுகள். மூன்றாவது கதவுக்குப் பின்னால் ஆண், பெண் எல்லோருக்கும் ஒரே டாய்லெட். அதை எந்த நர்ஸும் சோதித்திருக்கமாட்டார். பல இடங்களில் அந்த மூன்றாவது கதவும் இல்லை. இருட்டுவதற்குள் எங்கள் ஊரைக் காலி செய்துவிடு என்று எல்லையில் போர்டு வைத்திருந்த ஊர்களும் உண்டு. இத்தனைக்கும் அவை தெற்கில் மட்டும் இல்லை. வடக்கிலும் மேற்கிலும்கூட இருந்தன.

எனவே புறப்படும்போதே எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொள்வார்கள். அட்டைப்பெட்டியில் சாப்பாடு. போர்வை, தலையணை. ஒரு டின்னில் உபரி பெட்ரோல். குழந்தைகளின் அவசரத்துக்கு ஒரு காலி காபி டப்பா. கூடவே இன்னொன்று. டிரைவர் தொப்பி. ஆமாம். நல்ல காராக இருந்தால் போலீஸ் நிறுத்தும். ஏது உனக்கு இந்த வண்டி? உடனே தொப்பியை எடுத்துக் காட்டுவார்கள். "என் முதலாளியோடதுங்க. கொண்டு போய் விடப் போறேன்." பக்கத்தில் மனைவி இருந்தால் அவள் அந்த வீட்டு வேலைக்காரி. சொந்தக் காசில் வாங்கிய காரைத் தன்னுடையது என்று சொல்ல முடியாது. பின் சீட்டில் குழந்தைகள் கேட்டுக்கொண்டிருக்கும்.

இந்தச் சமயத்தில்தான் ஒரு போஸ்ட்மேன் வருகிறார்.

விக்டர் ஹியூகோ கிரீன். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வீடு. நியூஜெர்சியில் தபால் பட்டுவாடா செய்யும் வேலை. 1936-ல் அவர் ஒரு சின்னப் புத்தகம் போட்டார். கறுப்பின மக்கள் காரில் போனால் எங்கே சாப்பிடலாம், எங்கே தங்கலாம், எந்த பங்க்கில் மரியாதையாக நடத்துவார்கள், எந்த சலூனில் முடி வெட்டுவார்கள். வெறும் முகவரிப் பட்டியல். முதல் பதிப்பு நியூயார்க் சுற்றுவட்டாரத்துக்கு மட்டும். பிறகு நாடு முழுக்க. தகவல் எங்கிருந்து கிடைத்தது? மற்ற ஊர் போஸ்ட்மேன்களிடமிருந்து! எந்தத் தெருவில் எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், எப்பேர்ப்பட்டவர்கள் என்று போஸ்ட்மேனுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? ஊர் ஊராகப் போய் வந்தவர்களும் கடிதம் போட்டார்கள். ஹோட்டலே கிடைக்காத ஊர்களில், தங்கள் வீட்டில் ஓர் அறையை வாடகைக்குக் கொடுக்கத் தயாராக இருந்த குடும்பங்களின் முகவரிகளும் அதில் இடம்பெற்றன.

அதுதான் கிரீன் புக். 2018-ல் அந்தப் பெயரில் படம் வந்து ஆஸ்கரெல்லாம் வாங்கியது, பார்த்திருப்பீர்கள்.

இந்தப் புத்தகத்தை விற்றது யார் என்பதுதான் சுவாரசியம். எஸ்ஸோ பெட்ரோல் பங்க்குகள். அந்தக் காலத்தில் கறுப்பர்களுக்கு பங்க் நடத்த உரிமம் கொடுத்த ஒருசில கம்பெனிகளுள் எஸ்ஸோவும் ஒன்று. கறுப்பின வாடிக்கையாளர்களைப் பிடிப்பதற்காகவே, 1934-ல் ஜேம்ஸ் ஜாக்சன் என்ற கறுப்பரை வேலைக்கு எடுத்திருந்தது. தர்ம சிந்தனையா, வியாபாரமா என்று கேட்டால் இரண்டும் கலந்துதான். ஆனால் நெடுஞ்சாலையில் ராத்திரி பத்து மணிக்கு எஸ்ஸோ போர்டு கண்ணில் பட்டால், ஒரு கறுப்பினக் குடும்பம் நிம்மதிப் பெருமூச்சு விட்டது. அது போதாதா?

புத்தகம் போட்டுப் பிழைக்க வழி சொன்னார் கிரீன். இன்னொருவர் சண்டை போட வழி சொன்னார். அவர் ஒரு டாக்டர்.

மிசிசிப்பியில் மவுண்ட் பேயூ என்று ஓர் ஊர். முழுக்க முழுக்கக் கறுப்பின மக்கள் உருவாக்கிய ஊர். அங்கே பெரிய சர்ஜனாக இருந்தவர் டி.ஆர்.எம். ஹோவர்ட். டாக்டர், பண்ணைக்காரர், தொழிலதிபர் எல்லாம். அவருடைய இன்ஷூரன்ஸ் கம்பெனியில் மெட்கர் எவர்ஸ் என்ற இளைஞர் ஏஜெண்ட். இரண்டாம் உலகப் போரில் சண்டை போட்டுவிட்டுத் திரும்பியவர். பாலிசி பிடிக்க கிராமம் கிராமமாக அலைகிறவருக்கு பங்க் டாய்லெட் பிரச்னை எப்படிப்பட்டது என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

1952-ல் ஹோவர்டின் அமைப்பு ஒரு ஸ்டிக்கர் அச்சடித்தது. காரின் பின் பம்பரில் ஒட்டிக்கொள்ளலாம். அதன் வாசகத்தின் அர்த்தம் இதுதான்: டாய்லெட்டைப் பயன்படுத்தவிடாத இடத்தில் பெட்ரோல் வாங்காதே.

எவர்ஸ் போன்றவர்கள் அதை மாநிலம் முழுக்கக் கொண்டுபோனார்கள். யோசித்துப் பாருங்கள். ஊர்வலம் இல்லை. கோஷம் இல்லை. யாரும் யாரையும் அடிக்கவில்லை. ஆனால் மிசிசிப்பியில் அப்படி ஒரு ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டு ரோட்டில் போவதற்கு அசாத்தியத் துணிச்சல் வேண்டும். நான் யார், என்ன நினைக்கிறேன் என்று காரின் முதுகில் எழுதி ஒட்டிக்கொண்டு போகிற மாதிரி.

வண்டி பங்க்குக்குள் வரும். டிரைவர் முதலில் கேட்பார். "டாய்லெட் உண்டா?" இல்லை என்றால் வண்டி அப்படியே வெளியே போய்விடும். கல்லாப்பெட்டிக்குப் புரிகிற பாஷை. பங்க்குக்காரர்கள் தடுமாறினார்கள். பெட்ரோல் சப்ளை செய்த பெரிய கம்பெனிகளும் விற்பனை படுத்துவிடுமே என்று அழுத்தம் கொடுத்தன. மிசிசிப்பியின் பங்க்குகள் பலவற்றில் கறுப்பின மக்களுக்கு டாய்லெட் கட்டினார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். அவர்கள் வெள்ளைக்காரர்களின் டாய்லெட்டைக் கேட்கவில்லை. தங்களுக்கென்று தனியாக ஒன்று கட்டு என்றுதான் கேட்டார்கள். அதற்கே இந்தப் போராட்டம். இன்றைக்குப் பார்த்தால் சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் காசு கொடுத்தவனுக்கு ஒரு கேள்வி கேட்க உரிமை உண்டு என்பதை மிசிசிப்பி முதல்முறையாகக் காதில் வாங்கியது அப்போதுதான்.

1963, ஜூன் 12. நள்ளிரவு தாண்டிய நேரம். மெட்கர் எவர்ஸ் வீட்டுக்குத் திரும்பினார். அதற்குள் அவர் மிசிசிப்பியின் சிவில் உரிமைப் போராட்டத்தின் முக்கியத் தலைவராகியிருந்தார். வீட்டு வாசலில் காரை நிறுத்தி இறங்கினார். எதிர்ப்புறப் புதரிலிருந்து ஒரு தோட்டா வந்து முதுகில் பாய்ந்தது. உள்ளே மனைவியும் மூன்று குழந்தைகளும் விழித்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு அப்போது வயது 37.

அதே ஆண்டு ஆகஸ்டில், வாஷிங்டனில் லட்சக்கணக்கான மக்களுக்கு முன்னால் மார்ட்டின் லூதர் கிங் பேசிய அந்தப் புகழ்பெற்ற கனவுப் பேச்சிலும், பயணக் களைப்போடு வரும் கறுப்பர்களுக்கு நெடுஞ்சாலை மோட்டல்களில் இடமில்லை என்ற வரி உண்டு. சாலையோரம், தேசத்தின் நடு மேடைக்கு வந்துவிட்டது.

1964, ஜூலை 2. சிவில் உரிமைச் சட்டத்தில் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் கையெழுத்துப் போட்டார். நாடு முழுக்க எந்தெந்த இடங்களில் இனத்தின் பேரால் யாரையும் ஒதுக்கக்கூடாது என்று அந்தச் சட்டம் பட்டியல் போடுகிறது. தங்கும் விடுதி, மோட்டல், உணவகம், தியேட்டர், விளையாட்டு அரங்கம். அந்தப் பட்டியலில் தனியாகப் பேர் சொல்லி எழுதப்பட்ட இன்னொரு இடம், பெட்ரோல் நிலையம்.

அத்தோடு முடிந்துவிடவில்லை. சட்டம் வந்த சூட்டோடு சூடாக, அட்லாண்டாவில் ஒரு மோட்டல் முதலாளி கோர்ட்டுக்குப் போனார். 216 அறைகள் கொண்ட 'ஹார்ட் ஆஃப் அட்லாண்டா' மோட்டல். முதலாளியே வக்கீல். என் மோட்டல், என் இஷ்டம், இதில் அரசாங்கத்துக்கு என்ன வேலை என்பது அவர் கட்சி. அதுகூடப் பரவாயில்லை. எனக்கு இஷ்டமில்லாதவர்களுக்கு ரூம் கொடு என்று கட்டாயப்படுத்தினால், அது என்னை அடிமையாக்குவதற்குச் சமம் என்று வாதாடினார். அடிமைமுறையை ஒழித்த சட்டத் திருத்தத்தையே தனக்கு ஆதாரமாகக் காட்டினார். எப்படி இருக்கிறது கதை!

அதே ஆண்டு டிசம்பர் 14. உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் தீர்ப்புச் சொன்னார்கள். சட்டம் செல்லும். காரணம்? வணிகம். மாநிலம் விட்டு மாநிலம் நடக்கும் வணிகத்தை ஒழுங்குபடுத்த மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டு. அந்த மோட்டலில் தங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வெளி மாநிலத்தவர்கள். படுக்க இடம் கிடைக்காது என்ற பயத்தில் ஒரு பகுதி மக்கள் பயணமே போகவில்லை என்றால், அது வணிகத்துக்குத் தடை.

மனிதனை மனிதனாக நடத்து என்று சொல்லியிருக்கலாமே, எதற்கு வியாபாரக் கணக்கு என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. ஆனால் ஹோவர்ட் டாக்டரின் ஸ்டிக்கர் சொன்னதும் அதே கணக்குதானே? காசு வேண்டுமென்றால் கதவைத் திற. பன்னிரண்டு வருடம் கழித்து உச்ச நீதிமன்றமும் கிட்டத்தட்ட அந்த வாசலுக்கே வந்து நின்றது.

இனி கிரீன் புக் எதற்கு? கடைசிப் பதிப்பு 1966-67-ல் வந்தது. அத்தோடு நின்றுவிட்டது. இந்தப் புத்தகமே தேவைப்படாத ஒரு நாள் வரும், அன்றைக்கு இதை நிறுத்திவிடுவோம், அதுதான் எங்களுக்குப் பெரிய சந்தோஷம் என்று அதிலேயே எழுதியிருந்தார் விக்டர் கிரீன். பார்க்க அவர் இல்லை. 1960-ல் இறந்துபோனார்.

சரித்திரம் ஒரு கையால் கொடுத்துவிட்டு இன்னொரு கையால் எடுக்கும். 1956-ல் ஜனாதிபதி ஐசன்ஹோவர் போட்ட சட்டத்தால் 41,000 மைலுக்குப் பிரமாண்ட நெடுஞ்சாலைகள் வர ஆரம்பித்தன. அவை ஊருக்குள் நுழையாமல் ஒதுங்கிப் போயின. பழைய சாலையோரம் காற்று வாங்கியது. சாண்டர்ஸ் தாத்தாவின் கடையைத் தாண்டிப் புதுச் சாலை போகப்போகிறது என்று தெரிந்ததும், அவர் கடையை ஏலத்தில் விற்றார். கையில் மாதம் 105 டாலர் ஓய்வூதியம். அறுபத்தைந்து வயதுக்கு மேல், கோழி மசாலாவைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்த்தான் கோடீஸ்வரரானார். எல்லோருக்கும் அப்படி வாய்க்கவில்லை. கறுப்பின மக்களுக்கென்றே கறுப்பர்கள் நடத்திய விடுதிகள், உணவகங்கள் பல படுத்தன. எல்லா ஹோட்டலும் திறந்த பிறகு அவற்றைத் தேடி வர ஆளில்லை. கிரீன் புக்கில் இடம்பெற்ற மெம்ஃபிஸ் நகரத்து லோரெய்ன் மோட்டல் இன்னும் நிற்கிறது. சிவில் உரிமை அருங்காட்சியகமாக. 1968, ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டது அதன் மாடியில்தான்.

ஓடி வந்து கண்ணாடி துடைத்த பையன்களும் போய்விட்டார்கள். 1973-ல் அரபு நாடுகள் எண்ணெய் அனுப்ப மாட்டோம் என்றன. சில மாதங்களில் கச்சா எண்ணெய் விலை ஏறக்குறைய நான்கு மடங்கு. பங்க் வாசலில் மைல் கணக்கில் கியூ. நம்பர் பிளேட்டில் ஒற்றைப்படை என்றால் ஒருநாள், இரட்டைப்படை என்றால் மறுநாள். லாபம் இறுகியதும், ஆள் வைத்துச் சேவை செய்ய யாருக்குக் கட்டுப்படியாகும்? நீயே இறங்கு, நீயே போட்டுக்கொள் என்றார்கள். இன்றைக்கு நியூஜெர்சி மாநிலத்தில் மட்டும்தான் வாடிக்கையாளர் தானே பெட்ரோல் போட்டுக்கொள்ளக்கூடாது என்று சட்டம் இருக்கிறது.

இலவசக் காற்று போனது. இலவச மேப் போனது. நர்ஸ்களும் போனார்கள். மிஞ்சியது டாய்லெட். அதற்கும் பல பங்க்குகளில் இன்றும் சாவி உண்டு. யாரும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போய்விடக்கூடாது என்று ஒரு பெரிய கட்டையில் கட்டி வைத்திருப்பார்கள். அமெரிக்கா போய் வந்த உங்கள் மச்சானையோ மாமாவையோ கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்வார்.

கவுண்ட்டரில் கேட்டால் கொடுத்துவிடுகிறார்கள். யார் என்று பார்ப்பதில்லை. அந்தக் கட்டை கொஞ்சம் கனமாகத்தான் இருக்கும்.